தொம்மாசியைப் புனிதராக்காதீர்கள்

வன்னியின் பரிசளிப்பு மேடைகளில் ஒரு கதை உலவுகிறது. இத்தாலியில் ஓர் உதைபந்தாட்ட வீரர் இருந்தாராம். உலகக் கிண்ணத்தில் ஆடியவராம். முழங்கால் சிதைந்து நெடுநாள் கிடந்தவர், எழுந்து வந்ததும் கழகத்திடம் போய், "மாதம் 1,500 யூரோ போதும், ஆட விடுங்கள்" என்று கேட்டாராம். கதை சொல்லும் பிரமுகர் இந்த இடத்தில் சற்று நிறுத்துவார். பிறகு, வெயிலில் வரிசையாக நிற்கும் இளைஞர்களைப் பார்த்து, காசைப் பார்க்காதீர்கள், ஊருக்காக ஆடுங்கள், தியாகம் செய்யப் பழகுங்கள் என்று முடிப்பார். பந்தலுக்குள் இருப்பவர்கள் கைதட்டுவார்கள்.

கதை உண்மை. அந்த வீரரின் பெயர் டாமியானோ தொம்மாசி. ஆனால் அந்த மேடையில் அது சொல்லப்படும் நோக்கம் பொய். ஒரு மனிதரின் வாழ்விலிருந்து ஒரேயொரு பக்கத்தைக் கிழித்தெடுத்து, அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் எதற்காக வாதாடினாரோ அதற்கே எதிராக அந்தப் பக்கத்தைக் காட்டுகிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

தொம்மாசி 1974 மே 17இல் வெரோனாவுக்கு அருகிலுள்ள நெக்ரார் என்ற சிற்றூரில் பிறந்தவர். தம் நகரத்துக் கழகமான ஹெல்லாஸ் வெரோனாவில் ஆடத் தொடங்கி, 1996இல் ரோமாவுக்குப் போனார். பத்து ஆண்டுகள் அங்கே. மத்தியகள வீரர். டொட்டியைப் போலப் பந்தைக் கொஞ்சுபவர் அல்லர். பட்டிஸ்டூட்டாவைப் போல வலையைக் கிழிப்பவரும் அல்லர். எதிரணியின் காலிலிருந்து பந்தைப் பறித்துத் தம் அணியில் யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த இடத்துக்கு ஓடுகிறவர். 2001 யூன் 17இல் ரோமா பார்மாவை 3–1 என வென்று, தன் வரலாற்றில் மூன்றாவது தடவையாக இத்தாலியச் சாம்பியனானது. அன்று கோல் போட்டவர்கள் டொட்டி, மொன்டெல்லா, பட்டிஸ்டூட்டா. பெயர்கள் அப்படியே நினைவில் நிற்கின்றன. அந்த மூவருக்கும் பந்து எப்படி வந்தது என்று கேட்பவர் குறைவு. பயிற்றுநர் பபியோ கப்பெல்லோவுக்கு அது தெரிந்திருந்தது. அணியில் தொம்மாசிக்கு அவர் கொடுத்த இடமே அதற்குச் சான்று.

இத்தாலியத் தேசிய அணிக்காக 25 ஆட்டங்கள், 2 கோல்கள். மூன்றாவது ஒன்றும் இருந்திருக்க வேண்டும். 2002 யூன் 18, தேஜோன் நகரம், தென்கொரியாவுக்கு எதிரான உலகக் கிண்ண ஆட்டம். மேலதிக நேரத்தில் தொம்மாசி காவலரைக் கடந்து பந்தை வலைக்குள் செலுத்தினார். தங்கக் கோல் விதி நடைமுறையில் இருந்த காலம். அது ஏற்கப்பட்டிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். ஓஃப்சைட் என்று கொடி உயர்ந்தது. நடுவர், ஈக்குவடோரின் பைரன் மொரேனோ. அதற்கு முன்பே டொட்டியை வெளியேற்றியிருந்தார். கடைசியில் 117ஆவது நிமிடத்தில் ஆன் ஜுங் ஹுவான் தலையால் முட்டி இத்தாலியை வீட்டுக்கு அனுப்பினார். போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்த ஆண்டு அது. மின்சாரம் எட்டாத வன்னிக் கிராமங்களில் ஜெனரேட்டர் வைத்து அந்த உலகக் கிண்ணத்தைப் பார்த்தவர்கள் இன்றும் மொரேனோவைத் திட்டுவார்கள். தொம்மாசியின் பெயர் அவர்களுக்கும் நினைவிருக்காது. மத்தியகள வீரரின் தலைவிதி அது.

நிற்க. 1,500 யூரோவுக்கு வருவோம்.

2004 யூலையில், பருவத்துக்கு முந்திய நட்புறவு ஆட்டமொன்றில், இங்கிலாந்தின் ஸ்ரோக் சிற்றி கழகத்துக்கு எதிராக ஆடும்போது தொம்மாசியின் முழங்கால் சிதைந்தது. ஓராண்டுக்கு மேல் ஆட முடியவில்லை. இனி ஆடவே மாட்டார் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 2005இல் ஒப்பந்தம் முடிந்தபோது அவர் முன்னால் இருந்த வழிகள் இரண்டு: ஓய்வு பெறுவது, அல்லது தன்னால் முடியும் என்று காட்ட ஒரு வாய்ப்புக் கேட்பது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். இளையோர் அணியிலிருந்து புதிதாக வரும் ஒருவனுக்குரிய சம்பளத்தில் ஓர் ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, மறுபடி களத்தில் இறங்கினார். 2006இல் ரோமாவை விட்டு ஸ்பெயினின் லெவாந்தேக்குப் போனார். பிறகு லண்டனின் குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், சீனாவின் தியான்ஜின் தேடா. 41ஆவது வயதில்கூட சான் மரீனோவின் லா பியோரிட்டா கழகத்துக்காக ஐரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஆடிய மனிதர். ஆட்டத்தின் மீதுள்ள பித்து என்றால் அதுதான் பித்து. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கவனியுங்கள். அது ஓர் ஒப்பந்தம். எழுத்தில் இருந்தது, தொகை இருந்தது, காலவரை இருந்தது. தன் உழைப்பின் விலையைத் தானே சொல்லும் உரிமை உள்ள ஒருவர், ஓர் ஆண்டுக்கு அந்த விலையைத் தானே குறைத்தார். குறைத்தவர் அவர், கழகத் தலைவரோ பிரதம விருந்தினரோ அவருக்காகக் குறைக்கவில்லை. காலுடைந்து கிடந்த காலத்தில் அவர் உண்டியல் குலுக்க வேண்டியும் இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

இத்தாலியில் 1981இல் 91ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தொழில்முறை விளையாட்டு வீரரைத் தொழிலாளி என்று அங்கீகரித்த சட்டம் அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். உடல்நலப் பரிசோதனை முறையாக நடக்க வேண்டும். ஒவ்வொரு வீரருக்கும் சாவுக்கும் காயத்துக்கும் எதிராகத் தனித்தனியே கழகம் காப்புறுதி செய்ய வேண்டும். கழகம் வீரரை அடிமைபோல் காலமெல்லாம் கட்டிவைத்திருந்த பழைய முறைக்கும் அந்தச் சட்டமே முடிவு கட்டியது. இது வானத்திலிருந்து விழவில்லை. 1968இல் வழக்கறிஞரான முன்னாள் வீரர் சேர்ஜியோ கம்பானா, ரிவேரா, மட்சோலா போன்ற புகழின் உச்சியில் இருந்த வீரர்களைச் சேர்த்துக்கொண்டு வீரர் சங்கத்தைத் தொடங்கினார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் அவரே தலைவர். ரிவேராவுக்குச் சங்கம் எதற்கு? அவர் கேட்டதை மிலான் கொடுக்கும். பெயரில்லாத மூன்றாம் பிரிவு வீரனுக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள் என்பதற்காகத்தான் பெயருள்ளவர்கள் முன்னால் நின்றார்கள்.

கம்பானாவுக்குப் பிறகு 2011 மே மாதத்தில் அந்தச் சங்கத்தின் தலைவரானவர் யார் தெரியுமா? 1,500 யூரோ வாங்கிய அதே தொம்மாசி!

பதவிக்கு வந்த மூன்றாவது மாதம் அவர் செய்தது வேலைநிறுத்தம். 2011 ஓகஸ்ட் 27, 28 ஆகிய நாள்களில் நடக்க வேண்டிய பருவத்தின் முதல் சுற்று முழுவதும் நின்றது. கூட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கழகங்கள் மறுத்ததுதான் காரணம். வேண்டாத வீரரை அணியிலிருந்து பிரித்துத் தனியே பயிற்சி செய்யவைத்து, மனம் நொந்து தானாகவே வெளியேறச் செய்யும் அதிகாரம் கழகங்களுக்கு வேண்டியிருந்தது, வீரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கோடீசுவரர்களின் வேலைநிறுத்தம் என்று ஏளனம் செய்தார்கள். அந்த ஏளனத்துக்கு முன்னால் நிற்க, ஒரு காலத்தில் மாதம் 1,500 யூரோவுக்கு ஆடியவரைவிடப் பொருத்தமானவர் யார்? 2015இல் பார்மா கழகம் திவாலாகி, சம்பளமில்லாமல் வீரர்களும் ஊழியர்களும் தவித்தபோதும் அவர்கள் பக்கத்தில் சங்கத்தின் சார்பில் நின்றவர் அவர்தான். 2018 சனவரியில் இத்தாலிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவர் பதவிக்கும் போட்டியிட்டார். அந்தத் தேர்தலில் எவருக்குமே போதிய வாக்குக் கிடைக்கவில்லை. 2022 யூனில் வெரோனாவின் நகரபிதாவானார். நீண்ட காலமாக வலதுசாரிகளின் கோட்டையாகக் கருதப்பட்ட நகரம் அது. அதே நகரத்து மைதானத்தில்தான் 2019இல் கறுப்பின வீரரான பலோட்டெல்லி, குரங்குச் சத்தம் எழுப்பியவர்களை நோக்கிப் பந்தை உதைத்தார்.

இவ்வளவையும் விட்டுவிட்டு, 1,500 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வன்னிப் பிள்ளைக்குப் பாடம் நடத்துவது நியாயமா?

'தியாகம்' என்ற சொல்லை வன்னியில் எடுப்பவர் கையைக் கழுவிவிட்டு எடுக்க வேண்டும். அந்த மண்ணில் அந்தச் சொல்லுக்குக் கொடுக்கப்பட்ட விலை என்னவென்று ஊரறியும், உலகறியும். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் பத்து வயதில் நின்ற பிள்ளை, 2019இல் இருபது வயது ஆட்டக்காரன். அவனிடம் போய்த் தியாகத்தைப் பற்றி வகுப்பெடுக்கும் துணிவு எப்படி வருகிறது?

நம்முடைய சுற்றுப்போட்டிகளின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என எங்கே போனாலும் ஞாபகார்த்தக் கிண்ணங்கள் நடக்கின்றன. இறந்துபோன தந்தைக்காக, மகனுக்காக, நண்பனுக்காக, ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் உள்ள உறவுகள் காசு அனுப்புகிறார்கள். அந்த அன்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். குளிரில் இரவு வேலை செய்து மிச்சம் பிடித்த காசு அது. ஆனால் அந்தக் காசு எங்கே போகிறது? ஆளுயரக் கிண்ணத்துக்கு. ஒளிவெள்ளத்துக்கு. அனுசரணையாளரின் படம் பொறித்த சீருடைக்கு. ஒலிபெருக்கிக்கு. விருந்தினர் மாலைக்கு. காணொளிக்கு. ஆடுகிறவனின் முழங்காலுக்கு ஒரு சதமும் ஒதுக்கப்படுவதை நான் கண்டதில்லை. கிண்ணத்தோடு நின்று படம் எடுக்கலாம். காப்புறுதிப் பத்திரத்தோடு நின்று யார் படம் எடுப்பார்கள்?

பத்திரிகைகளும் இதற்கு உடந்தை. செய்தி மேசையில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு சுற்றுப்போட்டிச் செய்தி எப்படி வருகிறது? முதலில் பிரதம விருந்தினர். அடுத்து சிறப்பு விருந்தினர்கள், கௌரவ விருந்தினர்கள், அவர்களின் பதவிகளோடு. அடுத்து அனுசரணை. மங்கல விளக்கேற்றியது யார், கொடியேற்றியது யார். கடைசி வரியில் "இன்ன கழகம் 2–1 என வெற்றி பெற்றது". கோல் போட்டவன் பெயர் அதிர்ஷ்டமிருந்தால் வரும். தொண்ணூறு நிமிடமும் நடுவில் நின்று உழைத்தவன் பெயர் எந்த நாளும் வராது. தொம்மாசி வன்னியில் பிறந்திருந்தால் அவரைப் பற்றி ஒரு வரியும் அச்சேறியிருக்காது என்பது நிச்சயம்.

இப்போது முழங்கால் கிழிந்தவனின் கதையை எடுங்கள். இலங்கையில் அரச மருத்துவம் இலவசம்; அதில் பெருமைப்படலாம். ஆனால் முழங்கால் தசைநார் கிழிந்தவனுக்கு முதல் நாள் கட்டுப்போடுவதோடு மருத்துவம் முடிவதில்லை. ஸ்கேன் எடுக்க வேண்டும், சத்திரசிகிச்சைக்கு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், அதற்காக யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போய்வர வேண்டும். பிறகு ஆறு, ஒன்பது மாதம் உடற்பயிற்சி மருத்துவம். அந்தக் காலம் முழுவதும் அவனால் வயலில் இறங்க முடியாது. மேசன் வேலைக்குப் போக முடியாது. முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுக்க முடியாது. வன்னியில் உதைபந்தாட்டக்காரன் என்றால் பெரும்பாலும் கூலிக்காரன். கால்தான் அவனுடைய இரண்டு தொழிலுக்கும் முதல். ஆட்டத்தில் உடைந்த கால் குடும்பத்தின் உலையையும் அணைத்துவிடுகிறது. ஓரிரு வாரம் நண்பர்கள் வாட்சப்பில் காசு சேர்ப்பார்கள். அடுத்த சுற்றுப்போட்டி வரும். வேறொருவன் அந்த இடத்தில் ஆடுவான். எல்லைக்கோட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி ஆட்டம் பார்க்கும் முப்பது வயதுக்காரர்கள் எத்தனை பேருக்கு முழங்கால் சரியில்லை என்று அடுத்த முறை போகிறவர்கள் கேட்டுப் பாருங்கள்.

புகழ்பெற்றவர்களுக்கும் இது நடக்கும். ரோமாவின் இன்னொரு மத்தியகள வீரர், அணித்தலைவர் அகொஸ்தீனோ டி பார்த்தொலொமேய். 1984 மே 30இல் தம் சொந்த நகரத்தில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலிடம் தண்ட உதைகளில் அணி தோற்றது. அவருடைய உதை வலைக்குள்தான் போனது. சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1994இல் அதே நாளில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஒரு மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்று வெளியே நின்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் ஆட்டம் முடிந்தபின் அவருக்கு உதைபந்தாட்ட உலகில் ஓர் இடம் கிடைக்கவில்லை என்ற வருத்தம் இத்தாலியில் இன்றும் பேசப்படுகிறது. சட்டமும் சங்கமும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

எனக்குச் சொல்லப்படும் மறுப்புகள் தெரியும். முதலாவது, "இது தொழில்முறை அல்ல, பொழுதுபோக்கு, கழகங்களிடம் ஏது காசு?" காசு இல்லையென்றால் கிண்ணம் எங்கிருந்து வந்தது? ஒளிவெள்ளம்? நுழைவுக் கட்டணம், அனுசரணைப் பதாகை, நேரலை என்று எல்லாம் தொழில்முறையாக நடக்கிறது. ஆடுகிறவன் மட்டும் பொழுதுபோக்குக்காரன்! 2018இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் தொடங்கியபோது, நம் பிள்ளைகளுக்கு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் கையில் வரும் என்று பலரும் நம்பியது வீண் ஆசையல்ல. அந்த ஆசை கிராமத்துக் கிண்ணங்கள்வரை இறங்கி வரவில்லை என்பதே என் முறைப்பாடு.

இரண்டாவது மறுப்பு, "கொழும்புச் சம்மேளனம் செய்ய வேண்டிய வேலை இது." செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்தச் சம்மேளனத்தையே 2023 சனவரியில் பீபா இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்துக்குக் கீழே தேசிய அணி கிடந்த காலத்தை எல்லோரும் பார்த்தோம். அவர்கள் வந்து வன்னிப் பிள்ளையின் முழங்காலைத் தாங்குவார்கள் என்று காத்திருப்பவர்கள் காத்திருக்கட்டும்.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. "2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கணக்காகியும் பதில் வரவில்லை. அவர்களில் பலர் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள். இந்த ஊரில் உதைபந்தாட்டக்காரனுக்குக் காப்புறுதி ஒரு கேடா?" இப்படிக் கேட்பவரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தாய்மாரின் துயரத்தைக் காட்டி, இருக்கும் பிள்ளையின் உடலைக் கவனிக்காமல் விடுவதற்கு அவர்கள் யாரும் நமக்கு அனுமதி தரவில்லை. இருக்கும் பிள்ளைக்கு ஒரு விலை உண்டு என்று சொல்வதும் அவர்கள் கேட்கும் கணக்கின் ஒரு பகுதிதான்.

2024 ஓகஸ்டில் விமல் யோகநாதன் என்ற மத்தியகள வீரர் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி அணிக்காகக் களமிறங்கினார். வேல்சில் பிறந்தவர், பெற்றோர் இலங்கைத் தமிழர். ஆங்கிலேயத் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழர் என்று தமிழ் ஊடகங்கள் கொண்டாடித் தீர்த்தன. கொண்டாடுங்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த இளைஞருக்கு அங்கே என்னென்ன இருந்தன என்று ஒரு செய்தியாவது எழுதியதா? ஒப்பந்தம், உடற்பயிற்சி மருத்துவர், வீரர் சங்கம், காலுடைந்தால் தொடர்ந்து வரும் சம்பளம். அவருடைய வயதில், அவரைப் போன்ற காலோடு, புதுக்குடியிருப்பில் ஒருவன் இருப்பான். அவனுக்கு இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று எந்தத் தலைப்புச் செய்தி கேட்டது?

புலம்பெயர்ந்த உறவுகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாபகார்த்தக் கிண்ணத்துக்குக் காசு கேட்டு அழைப்பு வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பதிவு செய்யும் ஒவ்வொரு வீரனுக்கும் போட்டிக் காலத்துக்கு விபத்துக் காப்புறுதி எடுத்தீர்களா? மைதானத்தில் முதலுதவி தெரிந்த ஒருவரும் ஒரு வாகனமும் நிற்குமா? கடந்த ஆண்டு உங்கள் போட்டியில் காயப்பட்டவர்கள் யார், அவர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பெயர்ப் பட்டியலோடு பதில் வராவிட்டால் காசை அனுப்பாதீர்கள். கிண்ணத்தின் உயரத்தில் ஓர் அடியைக் குறைத்தாலே இதில் பாதி முடியும்.

வன்னிக் கழகங்களின் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சங்கம் என்ற சொல்லுக்கு அஞ்சாதீர்கள். ஒரு பிரதேசத்தில் எட்டுக் கழகங்களின் அணித்தலைவர்கள் ஒரு வாசிகசாலையில் உட்கார்ந்து, காப்புறுதி இல்லாத சுற்றுப்போட்டியில் எங்கள் அணிகள் ஆடாது என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். எந்த ஏற்பாட்டாளரும் பதினொரு பிரதம விருந்தினரை வைத்து ஆட்டம் நடத்த முடியாது. இனி மேடையில் யாராவது 1,500 யூரோக் கதையைத் தொடங்கினால், வரிசையில் நிற்பவர்களில் ஒருவன் மரியாதையாகக் கையை உயர்த்தி, "ஐயா, 2011இல் அவர் என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கோ" என்று கேட்கட்டும்.